புதிய வரிசைகள் சேர்ந்தும் கூட்டுத்தொகை ஏன் ஏறவில்லை?

ஓர் அமைப்பின் உறுப்பினர் சந்தாப் பதிவேட்டை எக்ஸெல் கோப்பில் பராமரிக்கும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கி, கோப்பில் உள்ள பெயர்களைத் தமிழில் மாற்றி, அதைச் சுருக்கித் தருகிறேன்.

பதிவேட்டில் தேதி, பிரிவு, தொகை என மூன்று நெடுவரிசைகள் இருக்கின்றன. இவருக்கு முன்பு அந்தப் பணியில் இருந்தவர் அவற்றுக்கு ‘தேதிகள்’, ‘பிரிவுகள்’, ‘தொகைகள்’ என்று பெயர் வைத்திருந்தார். சுருக்க அறிக்கை முழுவதும் இந்தப் பெயர்களைக் கொண்டே எழுதப்பட்டிருக்கிறது. இவர் பொறுப்பேற்ற பிறகு, மாதாமாதம் வரும் புதிய பதிவுகளைப் பழைய பதிவுகளுக்குக் கீழே ஒட்டி வந்தார். மூன்று மாதம் கழித்து, ஒரு பிரிவின் பொறுப்பாளர் தங்கள் தொகை குறைவாக இருப்பதாகச் சொன்னபோதுதான் பெயர்கள் 412ஆம் வரிசையோடு நின்றிருப்பது தெரிந்தது. பதிவுகளோ 563ஆம் வரிசை வரை போயிருந்தன. உடனே ‘தொகைகள்’ என்ற பெயரை 1000ஆம் வரிசை வரை நீட்டினார். மொத்தத் தொகை சரியானது. ஆனால் பிரிவுவாரித் தொகைகள் கொஞ்சமும் நகரவில்லை.

அவர் கேட்பவை இவை: கோப்பு கெட்டுவிட்டதா? முன்பெல்லாம் தானாக வளர்ந்த பெயர்கள் இப்போது ஏன் வளரவில்லை? பெயரைப் பத்தாயிரம் வரிசைக்கு நீட்டிவிடு என்கிறார் ஒருவர், ஆஃப்செட் எழுது என்கிறார் இன்னொருவர், டேபிளாக மாற்று என்கிறார் மூன்றாமவர். யார் சொல்வதைக் கேட்பது? புதிய பிரிவு டிராப்டவுன் பட்டியலில் வராதது ஏன்? பெயர்ப் பட்டியலில் ‘தொகைகள்’ இரண்டு முறை தெரிகிறதே, ஒன்றை நீக்கலாமா? கடைசியாக, தயக்கத்தோடு: ‘அனுப்பிவிட்ட மூன்று அறிக்கைகளைப் பற்றி யாரிடமும் சொல்லாமல், அடுத்த மாத அறிக்கையில் எல்லாவற்றையும் சேர்த்துச் சரிசெய்துவிடலாமா?’

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கோப்பு கெடவில்லை. நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொரு அறிகுறிக்கும் தெளிவான காரணம் இருக்கிறது. ‘எனக்குக் கணினி அறிவு போதாது’ என்று கடிதத்தில் இரண்டு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். அப்படி நினைக்க வேண்டாம். மொத்தம் மாறியும் பிரிவுத் தொகைகள் மாறவில்லை என்று பிரித்துக் கவனித்தீர்களே, சிக்கலின் முடிச்சை அவிழ்க்க எனக்கு உதவியதே அந்தக் கவனிப்புதான்.

பெயர் எதை அறியும், எதை அறியாது

நேம்டு ரேஞ்ச் என்று நாம் சொல்லும் பெயரிட்ட வரம்புக்கு உங்கள் பதிவுகளைப் பற்றி எதுவும் தெரியாது. அது வெறும் முகவரி. ‘தொகைகள்’ என்றால் ‘சி2 முதல் சி412 வரை’, அவ்வளவுதான். 413ஆம் வரிசையில் நீங்கள் எதை எழுதினாலும் முகவரி மாறாது.

பிறகு முன்பு எப்படி வளர்ந்தது? உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. முன்பு இருந்தவர் தேதி வரிசைப்படி நடுவில் புதிய வரிசைகளைச் செருகி எழுதுவார் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். வரம்புக்கு உள்ளே ஒரு வரிசையைச் செருகினால் எக்ஸெல் முகவரியை நீட்டிக்கொள்ளும், நீக்கினால் சுருக்கிக்கொள்ளும். வரம்பின் கடைசி வரிசைக்குக் கீழே சேர்ப்பது உள்ளே செருகுவது ஆகாது. முதல் வரிசைக்கு மேலே செருகினாலும் இதே கதைதான்: வரம்பு முழுவதுமாக ஒரு வரிசை கீழே நகருமே தவிர, புதிய வரிசையைச் சேர்த்துக்கொள்ளாது. அவர் நடுவில் செருகினார், நீங்கள் அடியில் ஒட்டினீர்கள். இரண்டும் நியாயமான வேலைமுறைகளே. கோப்பு முதலாவதை மட்டும் தாங்கும்படி அமைந்திருந்தது. அதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை.

குழப்பத்தைக் கூட்டும் இன்னொரு வசதியும் எக்ஸெலில் இருக்கிறது. அடுத்தடுத்த வரிசைகளில் ஒரே மாதிரியான வடிவமும் சூத்திரமும் இருந்தால், அடியில் சேர்க்கும் புதிய வரிசைக்கும் அவற்றை அது தானே நீட்டும். இதைப் பார்த்துப் பழகியவர்கள் பெயர்களும் அப்படியே நீளும் என்று நம்பிவிடுகிறார்கள். பெயர்கள் நீளாது.

மொத்தம் மாறியது, பிரிவுத் தொகை ஏன் மாறவில்லை

மொத்தத்துக்கு நீங்கள் பயன்படுத்துவது சம் என்ற சார்பு. அது ‘தொகைகள்’ என்ற பெயரை மட்டும் பார்க்கிறது. பெயரை நீட்டியதும் புதிய 151 வரிசைகளும் அதில் சேர்ந்துவிட்டன. பிரிவுத் தொகைகளுக்கோ சம்இஃப் பயன்படுகிறது. அது ‘பிரிவுகள்’ வரம்பில் பிரிவின் பெயரைத் தேடி, அதற்கு நேரான தொகையைக் கூட்டும். இரண்டு வரம்புகளின் நீளம் வேறுபட்டால் சம்இஃப் பிழை காட்டாது. கூட்ட வேண்டிய வரம்பிலிருந்து தொடக்கச் செல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, நீளத்தைத் தேடும் வரம்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். உங்கள் ‘பிரிவுகள்’ இன்னும் 412இல் நிற்கிறது. அதனால் ‘தொகைகள்’ ஆயிரம் வரை போனாலும் கூட்டல் 412இல் நின்றுவிடுகிறது.

இதே சூத்திரத்தை, பல நிபந்தனைகளை ஏற்கும் சம்இஃப்ஸ் சார்பைக் கொண்டு எழுதியிருந்தால், செல்லில் வேல்யூ பிழை வந்திருக்கும். பிழை கண்ணில் பட்டால் மனிதர் விழித்துக்கொள்வார். ஆகவே, ஒரே ஒரு நிபந்தனைதான் என்றாலும் இனிமேல் சம்இஃப்ஸ் பயன்படுத்துங்கள் என்பதே என் உறுதியான ஆலோசனை. அதில் கூட்ட வேண்டிய வரம்பு முதலில் வரும், தேடும் வரம்பும் நிபந்தனையும் பின்னால் வரும். மாற்றும்போது இந்த வரிசையைக் கவனியுங்கள்.

வரம்பு சில வரிசைகள் முன்னதாக நின்றுவிடுவது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததில்லை. பொருளாதார அறிஞர்கள் கார்மென் ரைன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும் அரசுக் கடனையும் வளர்ச்சியையும் பற்றி 2010இல் வெளியிட்ட ஆய்வு, பல நாடுகளின் கொள்கை விவாதங்களில் மேற்கோள் காட்டப்பட்டது. அவர்களின் எக்ஸெல் தாளில் 49ஆம் வரிசை வரை எடுக்க வேண்டிய சராசரி 44ஆம் வரிசையில் நின்றிருந்தது. ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ன்டன் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்து இதைக் கண்டறிந்தார். தம் ஆசிரியர்கள் இருவரோடு சேர்ந்து 2013இல் அதை வெளியிட்டார். ஆய்வின் மீது வேறு விமர்சனங்களும் எழுந்தன என்றாலும், இந்த வரம்புப் பிழையை ஆய்வாளர்கள் இருவருமே ஒப்புக்கொண்டார்கள். எண் ஏதோ ஒன்று வந்துகொண்டே இருப்பதால் இப்படிப்பட்ட பிழை எவ்வளவு காலமும் மறைந்திருக்க முடியும்.

உங்களுக்குச் சொல்லப்பட்ட மூன்று வழிகள்

பத்தாயிரம் வரிசைக்கு நீட்டுவது முட்டாள்தனம் அல்ல. கூட்டல், சராசரி போன்றவை காலிச் செல்களைப் பொருட்படுத்தாது. மூன்று பெயர்களையும் ஒரே வரிசை வரை நீட்டினால் இன்று மாலைக்குள் உங்கள் அறிக்கை சரியாகிவிடும். அவசரத்துக்கு இதைச் செய்துகொள்ளுங்கள். ஆனால் நிரந்தர ஏற்பாடாக வைத்துக்கொள்ள வேண்டாம். பதிவுகளுக்குக் கீழே யாராவது குறிப்புக்காக ஓர் எண்ணை எழுதினால் அதுவும் கூட்டலில் சேரும். வரைபடத்தில் வலப்பக்கம் வெற்றிடமாகக் கிடக்கும். பத்தாயிரத்தைத் தாண்டும் நாளில், அப்போது யார் அந்த நாற்காலியில் இருந்தாலும், இதே கடிதத்தை அவர் எழுத வேண்டிவரும்.

ஆஃப்செட் வழியில் பெயருக்குள்ளேயே ஒரு சூத்திரம் எழுதி, கவுன்ட்ஏ மூலம் எத்தனை செல்கள் நிரம்பியிருக்கின்றன என்று எண்ணி, அந்த அளவுக்கு வரம்பை நீட்டுகிறார்கள். வேலை செய்யும். ஆனால் ஆஃப்செட் உள்ள கோப்பில் எந்தச் செல்லை மாற்றினாலும் அதைச் சார்ந்த சூத்திரங்கள் எல்லாம் மறுபடி கணக்கிடப்படும், பெரிய கோப்பு தடுமாறும். இதே பயனை இண்டெக்ஸ் கொண்டு பெறலாம்: சி2இல் தொடங்கி, முக்காற்புள்ளி இட்டு, சி நெடுவரிசையில் கவுன்ட்ஏ சொல்லும் எண்ணுள்ள செல்லை இண்டெக்ஸ் மூலம் எடுத்து முடிவாக வைப்பது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் இது ஓடிக்கொண்டிருக்காது.

எண்ணும் நெடுவரிசையில் இடையில் காலிச் செல் இருந்தால் இரண்டு வழிகளுமே தவறும். மூன்று தொகைகள் எழுதப்படாமல் விடப்பட்டிருந்தால் வரம்பு மூன்று வரிசை முன்னதாக முடிந்துவிடும், நீங்கள் தப்பிக்க நினைத்த அதே பிழை திரும்பி வரும். வெற்றாகத் தெரிந்தாலும் உள்ளே சூத்திரம் இருக்கும் செல்லை கவுன்ட்ஏ நிரம்பியதாகவே எண்ணும், அப்போது வரம்பு தேவைக்கு மேல் நீளும். அதனால் மூன்று பெயர்களையும் ஒரே நெடுவரிசையை, ஒருபோதும் காலியாக விடாத ‘தேதி’யை எண்ணி அளக்க வேண்டும். இன்னொரு குறை: எழுத்தாகத் தரும் முகவரியையோ பெயரையோ வரம்பாக மாற்றும் இன்டைரக்ட் சார்பு, சூத்திரத்தால் ஆன இத்தகைய பெயரை ஏற்காது; சுட்டும் இடம் இல்லை என்று சொல்லும் ரெஃப் பிழையைத் தரும்.

மூன்றாமவர் சொன்ன டேபிள்தான் உங்களுக்கு ஏற்றது. எக்ஸெல் 2007 முதல் இந்த வசதி இருக்கிறது. பதிவுகளுக்குள் எங்காவது ஒரு செல்லில் நின்று கன்ட்ரோலும் டி விசையும் சேர்த்து அழுத்துங்கள், தலைப்பு வரிசை இருப்பதை உறுதிசெய்யுங்கள், முடிந்தது. கடைசி வரிசைக்கு நேர் கீழே எழுதினாலும் ஒட்டினாலும் டேபிள் தன் எல்லையை விரித்துக்கொள்ளும். டேபிளுக்கு ‘சந்தா’ என்று பெயர் வைத்தால் அதன் தொகை நெடுவரிசையை ‘சந்தா[தொகை]’ என்று குறிப்பிடலாம்.

நீங்கள் அஞ்சுவதுபோல எல்லாச் சூத்திரங்களையும் திருத்தி எழுத வேண்டியதில்லை. பெயர்களை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அவை சுட்டும் இடத்தை மட்டும் மாற்றுங்கள். கன்ட்ரோலும் எஃப்3யும் அழுத்தினால் நேம் மேனேஜர் திறக்கும். ‘தொகைகள்’ பெயரைத் தேர்ந்து, அடியில் உள்ள ரெஃபர்ஸ் டு பெட்டியில் பழைய முகவரிக்குப் பதில் ‘சந்தா[தொகை]’ என்று இடுங்கள். மற்ற இரண்டுக்கும் அப்படியே செய்யுங்கள். அந்தப் பெட்டியில் அம்புக்குறி விசையைத் தொட்டால் முகவரி தாறுமாறாக மாறும், பலர் இதில் சிக்குகிறார்கள். முதலில் எஃப்2 அழுத்திவிட்டுத் திருத்தினால் அந்தத் தொல்லை இல்லை.

டேபிளும் சில இடங்களில் வளராது. கடைசி வரிசைக்கும் புதிய பதிவுக்கும் நடுவே ஒரு வெற்று வரிசை விட்டால் வளராது. அடியில் கூட்டுத்தொகை வரிசையைக் காட்டும்படி வைத்திருந்து, அதற்குக் கீழே ஒட்டினாலும் அப்படியே. ஒட்டும் முன் அந்த வரிசையை மறைத்துவிடுங்கள். தாளுக்குக் கடவுச்சொல் பாதுகாப்புப் போட்டிருந்தாலும் வளராது. தொகையைத் தற்செயலாக யாரும் மாற்றாதிருக்கத் தாளைப் பூட்டலாமா என்று நீங்கள் யோசிப்பதாக எழுதியிருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: பதிவுத் தாளைப் பூட்ட வேண்டாம், சுருக்கத் தாளைப் பூட்டுங்கள்.

ஆண்டு முடிவில் பழைய பதிவுகளை அகற்றும்போது கவனம் தேவை. டெலிட் விசையால் உள்ளடக்கத்தை அழித்தால் டேபிள் சுருங்காது, வெற்று வரிசைகளோடு நிற்கும். வரிசைகளையே நீக்க வேண்டும். எல்லாவற்றையும் நீக்கினாலும் டேபிள் ஒரு வெற்று வரிசையைத் தக்கவைத்துக்கொள்ளும், பெயர்கள் உடையாது. சாதாரண வரம்பில் இதையே செய்திருந்தால் பெயர்கள் அனைத்தும் ரெஃப் பிழையாகியிருக்கும்.

உங்கள் சக ஊழியர் லிப்ரெஆஃபீஸ் என்ற இலவச மென்பொருளில் இதே கோப்பைத் திறந்து பதிவு சேர்ப்பார் என்றால் நான் சொன்னதை மாற்றிக்கொள்வேன். அப்போது இண்டெக்ஸ் வழியே நல்லது. கூகுள் ஷீட்ஸுக்கு மாறினால் அங்கே பெயருக்குள் சூத்திரம் எழுத முடியாது. சூத்திரத்திலேயே ‘சி2:சி’ என்று முடிவெண் இல்லாத வரம்பை எழுதிக்கொள்ளலாம்.

டிராப்டவுன் பட்டியலும் இரட்டைப் பெயரும்

பிரிவுகளின் பட்டியலும் இதே நோயால்தான் அவதிப்படுகிறது. அதையும் தனி டேபிளாக்குங்கள். ஆனால் டிராப்டவுனை அமைக்கும் டேட்டா வேலிடேஷன் பெட்டி ‘டேபிள்[நெடுவரிசை]’ என்ற வடிவத்தை நேரடியாக ஏற்காது. அந்த நெடுவரிசையைச் சுட்டும் ஒரு பெயரை உருவாக்கி, பெட்டியில் அந்தப் பெயரை இடுங்கள். பட்டியல் தானே வளரும். இதை மட்டும் எக்காரணம் கொண்டும் ஆயிரம் வரிசைக்கு நீட்டாதீர்கள். பட்டியலின் பெயரிட்ட வரம்பில் காலிச் செல் இருந்து, வேலிடேஷனில் ‘இக்னோர் பிளாங்க்’ குறியிடப்பட்டிருந்தால், பட்டியலில் இல்லாத எந்தச் சொல்லையும் டிராப்டவுன் உள்ள செல் ஏற்றுக்கொள்ளும். தவறாக எழுதப்பட்ட பிரிவுப் பெயர்கள் உள்ளே நுழையும், அவற்றின் தொகை எந்தப் பிரிவிலும் சேராது.

‘தொகைகள்’ இரண்டு முறை தெரிவதற்குக் காரணம், யாரோ பதிவுத் தாளை அதே கோப்புக்குள் நகலெடுத்திருப்பதுதான். அப்படி நகலெடுத்தால் பெயரும் நகலாகி, புதிய தாளுக்கு மட்டும் உரியதாகிவிடும். நேம் மேனேஜரில் ஸ்கோப் என்ற நெடுவரிசையைப் பாருங்கள். ஒன்றில் ‘வொர்க்புக்’ என்றும் மற்றதில் தாளின் பெயரும் இருக்கும். நகல் தாளுக்குள் எழுதிய சூத்திரங்கள் அந்தத் தாளின் பெயரையே பயன்படுத்தும். அங்கே எதுவும் அதைச் சார்ந்திருக்கவில்லை என்று பார்த்துவிட்டு, நகல் தாளையே நீக்கிவிடலாம். ‘வொர்க்புக்’ என்று இருப்பதைத் தொடாதீர்கள்.

ஒரு காவல் செல்

இவ்வளவும் செய்த பிறகும் ஒன்று வேண்டும். சுருக்கத் தாளின் மேல் மூலையில் ஒரு செல்லில், பதிவுத் தாளின் சி நெடுவரிசை முழுவதன் கூட்டுத்தொகையிலிருந்து பிரிவுத் தொகைகள் எல்லாவற்றின் கூட்டுத்தொகையைக் கழித்து எழுதுங்கள். விடை சுழியாக இருக்க வேண்டும். சுழி இல்லையென்றால் சிவப்பாகும்படி நிறமும் கொடுங்கள். வரம்பு நீளாவிட்டாலும், டேபிளுக்கு வெளியே பதிவு விழுந்தாலும், பிரிவின் பெயரில் எழுத்துப்பிழை வந்தாலும் அந்தச் செல் காட்டிக்கொடுக்கும். என்னிடம் ஒரே ஓர் ஆலோசனைதான் கேட்கலாம் என்று நீங்கள் சொல்லியிருந்தால், டேபிளைவிட இதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன்.

அனுப்பிவிட்ட அறிக்கைகள்

அடுத்த மாதத்தில் சேர்த்துச் சரிசெய்துவிடலாம் என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. உங்கள் பயத்தை நான் குறைவாக எடைபோடவில்லை. ஆனால் அது சரிசெய்தல் ஆகாது. மூன்று மாதத் தொகை ஒரே மாதத்தில் குவிந்தால் அந்த மாத அறிக்கையும் பொய்யாகும். மூன்று தவறான அறிக்கைகள் நான்காகும். ஒரு பிரிவின் பொறுப்பாளர் ஏற்கெனவே குறையைக் கவனித்துவிட்டார். திடீர் ஏற்றத்தையும் அவர் கவனிப்பார். அப்போது கேள்வி ‘ஏன் தவறியது’ என்பதோடு நிற்காது, ‘ஏன் சொல்லவில்லை’ என்று மாறும். முதல் கேள்விக்கு உங்களிடம் நேர்மையான விடை இருக்கிறது. இரண்டாவதற்கு இருக்காது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். அந்தத் தொகைகளை நம்பி யாராவது ஏதாவது முடிவு எடுத்திருக்கலாம். சந்தா கட்டவில்லை என்று ஒரு பிரிவுக்கு நினைவூட்டல் போயிருக்கலாம். அவர்களுக்குத் தெரியவேண்டிய உண்மை இது.

எந்தத் திருத்தமும் செய்யுமுன் இப்போதுள்ள கோப்பை அப்படியே நகலெடுத்துத் தனியே வையுங்கள். ‘தொகைகள்’ பெயரை நீங்கள் ஏற்கெனவே மாற்றியிருப்பதால், அனுப்பிய மூன்று அறிக்கைகளின் பிரதிகளையும் அதோடு சேர்த்து வையுங்கள். பிறகு ஒவ்வொரு பிரிவுக்கும் மூன்று மாதங்களிலும் அனுப்பிய தொகை, சரியான தொகை, வேறுபாடு என்று ஒரு சிறு பட்டியல் தயாரியுங்கள். அதன் மேல் நான்கு வரிகள் போதும்: பெயர்கள் 412ஆம் வரிசையில் நின்றிருந்தன, அதன் கீழே சேர்ந்த பதிவுகள் கணக்கில் வரவில்லை, மூலப் பதிவுகள் முழுமையாக இருக்கின்றன, அமைப்பு இன்ன தேதியில் திருத்தப்பட்டது. மன்னிப்பு கோரும் நீண்ட விளக்கம் வேண்டாம். முன்பு இருந்தவர் மீதும் பழி போட வேண்டாம், அவர் வேலை செய்த முறைக்கு அந்தக் கோப்பு பொருந்தியே இருந்தது.

முதலில் உங்கள் மேலதிகாரியிடம் நேரில் சொல்லுங்கள், பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு. அதன் பிறகு, குறையைச் சுட்டிக்காட்டிய அந்தப் பிரிவுப் பொறுப்பாளருக்கு, மற்றவர்களுக்குப் போகும் முன்பே, அவருடைய பிரிவின் சரியான தொகையை அனுப்பிவிடுங்கள்.